விடை எழுதாமல் விட்ட கேள்விக்குப் பூஜ்ஜியமா, வெற்றிடமா?

வினாத்தாள்:

வணக்கம். ஒரு வாரமாக ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன். தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

ஆய்வுப் படிப்புக்காகக் கணக்குத் தேர்வு ஒன்றின் விடைத்தரவைப் பகுத்து வருகிறேன். 40 கேள்விகள். எல்லாமே நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பல்தேர்வு வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் பிடித்தம் கிடையாது. விடை குறிக்காமல் விட்ட கட்டங்கள் நிறைய இருக்கின்றன. 30-ஆம் கேள்வியைத் தாண்டினால் அவை கூடிக்கொண்டே போகின்றன. "பூஜ்ஜியம் போட்டுவிட்டு மேலே போ, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்கிறார் என் வழிகாட்டி.

எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு மாணவர்களைப் பாருங்கள். முதலாமவர் 30 கேள்விக்கு விடை எழுதி 27 சரி, கடைசி பத்தும் வெற்றிடம். இரண்டாமவர் 40-க்கும் எழுதி 30 சரி. வெற்றிடத்துக்குப் பூஜ்ஜியம் போட்டால் முதலாமவர் 67.5 விழுக்காடு, இரண்டாமவர் 75. வெற்றிடத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டால் முதலாமவர் 90, இரண்டாமவர் அதே 75. யார் கெட்டிக்காரர் என்பதை என் நிரலில் உள்ள ஒற்றை வரி முடிவு செய்கிறது. இது சரியா?

முன்னாள்_ஆசிரியர்:

சகோதரி, இதில் குழப்பமே வேண்டாம். எழுதாத விடைக்கு மதிப்பெண் இல்லை. தேர்வு அறைக்குள் நுழையும்போதே மாணவருக்கு அது தெரியும். பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். வெற்றுத் தாளுக்கு மதிப்பெண் போட்டால் எழுதியவனுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். இரண்டாவது மாணவர் நேரத்தைச் சரியாகப் பங்கிட்டு எல்லாவற்றையும் முயன்று பார்த்திருக்கிறார். அதுவும் ஒரு திறமைதானே?

புள்ளிமான்:

ஆசிரியர் ஐயா சொல்வது மதிப்பெண் பட்டியலுக்குச் சரி. விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு அதன்படி மதிப்பெண் கொடுப்பதில் குற்றமில்லை. ஆனால் வினாத்தாள் கேட்பது வேறு. அவருக்கு வேண்டியது கணக்குத் திறன் எவ்வளவு என்கிற அளவீடு. அங்கே பூஜ்ஜியம் போடுவது "இந்தக் கேள்வியைக் கொடுத்திருந்தால் இவருக்கு நிச்சயம் தெரிந்திருக்காது" என்று நாம் சாட்சி சொல்வதற்குச் சமம். நமக்கு அது தெரியுமா?

ஒரு விடைக்கட்டம் காலியாக இருக்க எத்தனையோ காரணங்கள் உண்டு. படித்துப் பார்த்தார், தெரியவில்லை, விட்டார். அரைகுறையாகத் தெரியும், தப்பாகிவிடுமோ என்று பயந்து விட்டார். அப்புறம் வரலாம் என்று தாண்டினார், வர மறந்தார். நேரம் முடிந்தது, கேள்வியைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அல்லது அந்தக் கேள்வி அவருக்குக் கொடுக்கப்படவே இல்லை.

கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பல நாடுகளின் 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பிசா போன்ற பெரிய ஆய்வுகளில் கேள்விகளைப் பல தொகுதிகளாகப் பிரித்து, ஒரு மாணவருக்கு மொத்தக் கேள்விகளில் ஒரு பகுதியை மட்டுமே கொடுப்பார்கள். மீதியெல்லாம் அவருடைய வரிசையில் வெற்றிடம்தான். அங்கே யாரும் பூஜ்ஜியம் போடுவதில்லை. ஏனென்றால் வெற்றிடம் எப்படி வந்தது என்பது நமக்குத் தெரியும், அதற்கும் மாணவரின் திறனுக்கும் சம்பந்தமில்லை. ஆக, காலியாக இருப்பது அல்ல சிக்கல். எதனால் காலியானது என்பதுதான் எல்லாம்.

வினாத்தாள்:

நன்றி புள்ளிமான். விடுபட்ட தரவை அதன் காரணம் பார்த்துப் பிரிக்கும் இதைத்தான் ரூபின் வகைப்பாடு என்கிறார்களா? பாடநூலில் படித்தேன், பரீட்சைக்கு மனப்பாடமும் செய்தேன். என் தரவுக்கு எப்படிப் பொருத்துவது என்றுதான் பிடிபடவில்லை.

புள்ளிமான்:

அதேதான். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. தேர்வுக்குப் பொருத்திச் சொல்கிறேன்.

வினாத்தாளில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டன, பாவம் யாருக்கு அந்தத் தாள் போகிறதோ அவருக்கு நாலு கேள்வி போச்சு. கெட்டிக்காரருக்கும் நடக்கலாம், மற்றவருக்கும் நடக்கலாம். இது முற்றிலும் தற்செயலான விடுபாடு.

அடுத்தது, முதல் 20 கேள்விகளில் தடுமாறியவர்கள்தான் பின்னால் அதிகம் விடுகிறார்கள் என்று வையுங்கள். ஆனால் முதல் 20-இல் ஒரே மாதிரி எழுதிய இருவரை எடுத்தால், அவர்களில் யார் விட்டார் என்பதற்கும் அந்த விடை அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதற்கும் தொடர்பில்லை. நம் கையில் இருக்கிற தரவே விடுபாட்டை விளக்கிவிடுகிறது. இதைத் தற்செயலான விடுபாடு என்கிறார்கள். பெயர் கொஞ்சம் ஏமாற்றும், ஏனென்றால் இங்கே விடுபாடு குருட்டாம்போக்கில் நடக்கவில்லை.

மூன்றாவது, தெரியாததால்தான் விட்டார். நாம் பார்க்க முடியாத அந்த விடையே விடுபாட்டுக்குக் காரணம். இது தற்செயலற்ற விடுபாடு. சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தேர்வில் நடுநடுவே விடப்படும் கேள்விகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ஒரு எச்சரிக்கை. கையில் உள்ள தரவை மட்டும் வைத்து இரண்டாவதா மூன்றாவதா என்று சோதித்துக் கண்டுபிடிக்க வழி கிடையாது. பிரித்துக் காட்டக்கூடிய தகவல், நமக்குக் கிடைக்காத அந்த விடையில்தான் இருக்கிறது. லிட்டில் என்பவரின் 1988 சோதனை, முதல் வகை என்கிற எடுகோளை மட்டும்தான் பரிசோதிக்கும். அதில் தேறிவிட்டது என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

தரவுத்தச்சன்:

குறுக்கே வருகிறேன். எதற்கு இவ்வளவு தத்துவம்? விடுபட்டதை இட்டு நிரப்பிவிடலாமே. மாணவரின் சராசரியோடு கேள்வியின் சராசரியைக் கூட்டி மொத்தச் சராசரியைக் கழித்தால் ஓர் எண் வரும். வினாத்தாள் சொன்ன முதல் மாணவரின் சராசரி 0.9. அவர் விட்ட கேள்வியின் சராசரி 0.6, மொத்தச் சராசரி 0.7 என்று வைத்தால் 0.8 கிடைக்கும். 0.8 வாய்ப்போடு ஒரு சீட்டு எடுத்து 1 அல்லது 0 போட வேண்டியதுதான். இருவழி நிரப்பல் என்று இதற்குப் பெயரே உண்டு. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் நிரப்புவதற்கென்றே மைஸ் தொகுப்பும் இருக்கிறது, அரை மணி நேர வேலை.

முன்னாள்_ஆசிரியர்:

மன்னிக்கவும், இதை என்னால் ஏற்க முடியாது. மாணவர் எழுதாத விடையை நாம் சீட்டுப் போட்டு எழுதுவதா? அந்தப் பிள்ளையின் பெற்றோர் வந்து கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

புள்ளிமான்:

ஐயா கேட்டது மிகச் சரியான கேள்வி, இதை விட்டுவிடக் கூடாது. தனி ஒரு மாணவருக்கு மதிப்பெண் கொடுக்கவோ, சேர்க்கை முடிவு செய்யவோ நிரப்பிய விடையைப் பயன்படுத்தக் கூடாது. நிரப்பல் ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கானது. சராசரி என்ன, இரண்டு குழுக்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு என்பது போன்றவற்றுக்கு.

தச்சனுக்கும் ஒரு வார்த்தை. ஒரே ஒரு முறை நிரப்பிவிட்டு அதை உண்மைத் தரவு போல நடத்தினால், தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்கிறோம். பிழைவீச்சு பொய்யாகச் சுருங்கும். அதனால்தான் பலமுறை நிரப்பச் சொன்னார் ரூபின். ஐந்து முறை நிரப்பினால் ஐந்து முடிவுகள் வரும். அவற்றின் சராசரி நம் மதிப்பீடு. மொத்த மாறுபாடு வேண்டுமானால், ஒவ்வொரு தரவுத்தொகுதிக்கு உள்ளேயும் கிடைக்கும் மாறுபாட்டின் சராசரியோடு, ஐந்து மதிப்பீடுகளுக்கு இடையிலான மாறுபாட்டை 1.2 மடங்காக்கிக் கூட்ட வேண்டும். அந்த 1.2 என்பது 1-உம் ஐந்தில் ஒரு பங்கும் சேர்ந்தது. பத்து முறை நிரப்பினால் 1.1 ஆகும்.

இன்னொன்று முக்கியம். மைஸ் வழக்கமாக நிரப்பும் முறையும் இரண்டாம் வகை விடுபாடு என்று நம்பித்தான் நிரப்புகிறது. தெரியாததால் விட்டவருக்கு அது தாராளமாக 1 போட்டுக்கொண்டே போகும். எந்தக் கருவியை எடுத்தாலும் காரணத்தைப் பற்றிய கேள்வியிலிருந்து தப்பிக்க முடியாது.

தரவுத்தச்சன்:

ஒப்புக்கொள்கிறேன். ஒரே நிரப்பல் பற்றிச் சொன்னது என் அவசரம். ஆனால் கேள்வித் தரத்தைப் பகுக்கும்போது பூஜ்ஜியம் போடுவது அதைவிடக் கெடுதல் என்பதில் மாறமாட்டேன். இதை நானே ஒரு திட்டத்தில் பார்த்துப் பதறியிருக்கிறேன். கடைசிக் கேள்விகள் எல்லாம் மலை போலக் கடினம் என்று வந்தன. எடுத்துப் பார்த்தால் எளிய கழித்தல் கணக்குகள்!

புள்ளிமான்:

அதில் நானும் உங்கள் பக்கம்தான். 35-ஆம் கேள்வியை 100 பேரில் 70 பேர்தான் எட்டினார்கள், அதில் 42 பேர் சரி என்று வையுங்கள். பூஜ்ஜியம் போட்டால் 42 விழுக்காட்டினர் சரி, எட்டியவர்களை மட்டும் பார்த்தால் 60 விழுக்காடு. எட்டாத 30 பேரும் தடுமாறுகிறவர்கள் என்றால் உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அவர்கள் நிதானமாகச் சரிபார்த்து எழுதும் ஆட்கள் என்றால் 60-க்கு மேலேகூடப் போகும். 42 என்பது மட்டும், 30 பேரில் ஒருவருக்குக்கூடத் தெரியாது என்றால்தான் உண்மை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே ஏழெட்டுப் பேருக்குச் சரியாக வருமே!

இதே கேள்வி வேறொரு வினாத்தாளில் 5-ஆம் இடத்தில் இருந்தால் எளிது என்று வரும். அப்புறம் இரண்டு தாள்களையும் அதை வைத்து ஒப்பிட்டால் கணக்கே கோணிவிடும்.

கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் நம்பகத்தன்மைக் குணகத்தையும் இது ஏமாற்றும். 33-இல் நிறுத்தியவருக்கு 34 முதல் 40 வரை வரிசையாகப் பூஜ்ஜியம். அந்த ஏழு கேள்விகளும் ஒன்றோடொன்று பலமாகத் தொடர்புள்ளவை போலத் தெரியும். குரோன்பாக் ஆல்ஃபா என்கிற அந்தக் குணகம் ஏறும், ஆய்வாளர் மகிழ்வார். ஆனால் அங்கே சேர்ந்து நகர்வது கணக்கறிவு அல்ல, வேகம். சேர்ந்து நகரும் கேள்விகளைக் குழுவாகப் பிரிக்கும் காரணிப் பகுப்பாய்வு செய்தால் கடைசிக் கேள்விகள் தனிக் காரணியாகப் பிரிந்து நிற்கும். அதற்கு "உயர்நிலைச் சிந்தனை" என்று யாராவது பெயர் வைத்துவிடுவார்களோ என்று எனக்கு உண்மையாகவே கவலை உண்டு.

நிலாமுற்றம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒரு சந்தேகம். நடுவில் விட்டதையும் கடைசியில் எட்டாததையும் எப்படிப் பிரிப்பது? தாளில் இரண்டும் ஒரே காலிக் கட்டம்தானே?

தரவுத்தச்சன்:

கடைசியாக எழுதிய விடையைத் தேடுங்கள். அதற்கு முன்னால் உள்ள வெற்றிடங்கள் விடப்பட்டவை. அதற்குப் பின்னால் தொடர்ச்சியாக வருபவை எட்டாதவை. டிம்ஸ் என்கிற பன்னாட்டுக் கணக்கு, அறிவியல் ஆய்வில் ஒரு நுணுக்கம் உண்டு. கடைசி விடைக்கு அடுத்து உடனே வரும் முதல் வெற்றிடத்தையும் விடப்பட்டதாகவே கொள்கிறார்கள், அதற்குப் பிறகுதான் எட்டாதவை தொடங்குகின்றன. அந்தக் கேள்வியில்தான் மாணவர் திணறிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்திருக்கும் என்பது நியாயமான ஊகம்.

கணினியில் நடக்கும் தேர்வு என்றால் இன்னும் வசதி, நேரப் பதிவு கிடைக்கும். பெரியவர்களின் திறன்களை அளக்கும் பியாக் ஆய்வில் 5 நொடி என்று கோடு கிழித்தார்கள். அதற்குள் தாண்டிப் போய்விட்டால் அவர் முயலவே இல்லை, கேள்வி கொடுக்கப்படாதது போல. அதற்கு மேல் பார்த்துவிட்டு விட்டால் தவறு.

முன்னாள்_ஆசிரியர்:

இதையெல்லாம் படித்த பிறகும் ஒன்று உறுத்துகிறது. எட்டாத கேள்விகளை விட்டுவிடுவார்கள் என்று மாணவருக்கோ சொல்லிக்கொடுப்பவருக்கோ தெரிந்தால் என்ன நடக்கும்? "நன்றாகத் தெரிந்ததை மட்டும் எழுது, மீதியைத் தொடாதே, 90 விழுக்காடு வாங்கிவிடலாம்" என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். நான் பார்க்காத தந்திரமா! உங்கள் அளவீடே அப்போது பாழாகிவிடாதா?

புள்ளிமான்:

பாழாகிவிடும் ஐயா. இந்தத் துறையே இன்னும் முழுதாக விடை காணாத இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள்.

பிசாவையே எடுத்துக்கொள்வோம். 2015-க்கு முன்பு எட்டாத கேள்விகளை, கேள்வியின் கடினத்தைக் கணிக்கும்போது கொடுக்கப்படாதவையாகவும், மாணவரின் திறனைக் கணிக்கும்போது தவறாகவும் வைத்தார்கள். டிம்ஸிலும் அதே இரட்டை வழிதான். 2015-இல் பிசா மாறியது. இரண்டு இடத்திலும் கொடுக்கப்படாதவை என்றே வைத்தார்கள். எது சரி என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நாடுகளின் தரவரிசை இந்த முடிவைப் பொறுத்து அசையக்கூடியது. நீங்கள் சொல்கிற அதே காரணத்தால் 2015 முறையை எதிர்ப்பவர்கள் உண்டு.

நடுவில் விட்டவற்றுக்கு தேர்வு அளவீட்டு அறிஞர் ஃபிரெடெரிக் லார்ட் 1974-இலேயே ஒரு வழி காட்டினார். மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள நினைக்கும் மாணவர் ஒரு கேள்வியை விடுகிறார் என்றால், குருட்டாம்போக்கில் எழுதினால் எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான் அவருக்கு அதில் தெரியும் என்று கொள்ளலாம். நான்கு விருப்பங்கள் என்றால் கால் பங்கு. அமெரிக்காவின் தேசியக் கல்வி மதிப்பீடான நேப் ஆய்வில், விடப்பட்ட பல்தேர்வு வினாவை இப்படிப் பின்னமாகவும், எட்டாததைக் கொடுக்கப்படாததாகவும் வைக்கும் வழக்கம் உண்டு.

வினாத்தாள் சொன்ன முதல் மாணவர் அந்தப் பத்தையும் வேண்டுமென்றே விட்டார் என்று வைத்து, பத்துக்கும் கால் பங்கு போட்டுப் பாருங்கள். 27-உடன் 2.5 சேர்ந்து 29.5, அதாவது 73.75 விழுக்காடு. இரண்டாமவர் 75. பூஜ்ஜியம் போட்டபோது 7.5 புள்ளி பின்னால் நின்றவர் இப்போது ஒட்டி வந்துவிட்டார். யாரும் தந்திரத்தால் 90 வாங்கவும் இல்லை.

நிலாமுற்றம்:

தவறுக்கு மதிப்பெண் பிடிக்கும் தேர்வுகளில்? அங்கே விடுவது புத்திசாலித்தனம் அல்லவா?

புள்ளிமான்:

அங்கே வெற்றிடத்தின் பொருளே வேறு. நான்கு விருப்பங்களில் தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு பிடித்தால், 12 கேள்வியைக் குருட்டாம்போக்கில் எழுதுகிறவருக்குச் சராசரியாக 3 சரி, 9 தவறு. 3-இலிருந்து 3 போய்ப் பூஜ்ஜியம். ஊகிப்பதும் விடுவதும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் ஒரே ஒரு விருப்பத்தையாவது தவறு என்று ஒதுக்கத் தெரிந்தவருக்கு ஊகிப்பதே லாபம். துணிந்தவர் அதைச் செய்கிறார், தயங்குகிறவர் விடுகிறார். காத்தரின் பால்டிகா 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிடித்தம் இருக்கும்போது ஒரே அளவு தெரிந்த ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் விடுவதைக் காட்டினார். ஆக, அங்கே பூஜ்ஜியம் கணக்கறிவோடு சேர்த்துத் தயக்கத்தையும் தண்டிக்கிறது. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு 2016-இல் தவறுக்கான பிடித்தத்தையே எடுத்துவிட்டது.

வினாத்தாள்:

எனக்கு இப்போது பாதி தெளிவு, பாதி பயம். ஆய்வேட்டில் எதை எழுதுவது? திறனோடு சேர்த்து விடுபாட்டையும் ஒரு கணித மாதிரிக்குள் கொண்டுவரும் வழி இருக்கிறதாமே?

புள்ளிமான்:

இருக்கிறது. ஹோல்மன், கிளாஸ் இருவரும் 2005-இல் அப்படி ஒரு கணித மாதிரியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் "விடை எழுதினாரா இல்லையா" என்று 1, 0 போட்டு இன்னொரு அட்டவணை செய்துகொள்ளுங்கள். திறன் ஓர் உள்ளார்ந்த மாறி, அதாவது நேரில் பார்க்க முடியாமல் விடைகளிலிருந்து ஊகிப்பது. விடை எழுதும் நாட்டம் இன்னொன்று. இரண்டையும் சேர்த்து மதிப்பிடும்போது அவற்றுக்கு நடுவே உள்ள ஒட்டுறவு கிடைக்கும். அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் வெற்றிடங்களைப் புறக்கணித்தாலும் பெரிய சேதமில்லை. அதிகமாக இருந்தால் புறக்கணிக்கக் கூடாது. நடுவில் விட்டதற்கும் எட்டாததற்கும் தனித்தனியாகப் பாருங்கள், இரண்டையும் கலந்தால் ஒன்றும் புரியாது.

வழிகாட்டியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பூஜ்ஜியம் போட்டும், எட்டாததை மட்டும் விலக்கியும், இந்த மாதிரியைக் கொண்டும் என மூன்று முறை ஓட்டி, முடிவுகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டுங்கள். முடிவு அசையாவிட்டால் அவருக்கும் நிம்மதி. அசைந்தால் அதுவே ஆய்வேட்டின் முக்கியமான அத்தியாயம்.

தரவுத்தச்சன்:

அதற்கும் முன்னால் ஒரு வேலை. மாதிரியெல்லாம் அப்புறம். மாணவர்கள் கிடைவரிசையாக, கேள்விகள் நெடுவரிசையாக, வெற்றிடத்துக்கு மட்டும் கறுப்பு அடித்து ஒரு படம் வரையுங்கள். தேர்வு மையம் வாரியாக அடுக்குங்கள். கண்ணால் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

வினாத்தாள்:

நான்கு நாள் கழித்து வருகிறேன். தச்சன், உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

படம் வரைந்தேன். வலது ஓரத்தில் எட்டாத கேள்விகள் படிக்கட்டு போல இறங்கின, அது எதிர்பார்த்ததுதான். நடுவில் அங்கங்கே புள்ளிகள், பெரும்பாலும் பின்னம் பற்றிய கேள்விகளில். ஆனால் ஒரே ஒரு மையத்தில் 21 முதல் 24 வரை கெட்டியான கறுப்புப் பட்டை ஒன்று. அங்கே எழுதியவர்களில் பலர் 20 வரை எழுதியிருக்கிறார்கள், 25-இலிருந்து 40 வரையும் எழுதியிருக்கிறார்கள், நடுவில் அந்த நாலு மட்டும் காலி. மீதமிருந்த வினாத்தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்தக் கட்டில் பல தாள்களில் அந்தப் பக்கமே அச்சாகவில்லை. பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது, கேட்டும் பதில் கிடைக்கவில்லையோ என்னவோ.

அவர்கள் எல்லோருக்கும் நான் நாலு பூஜ்ஜியம் போட்டு வைத்திருந்தேன். அந்த மையத்தின் சராசரி குறைவு என்று ஒரு பத்தியும் எழுதி, கற்பித்தலில் குறை இருக்கலாம் என்றும் சேர்த்திருந்தேன். அந்தப் பத்தியை அழித்துவிட்டேன்.

முன்னாள்_ஆசிரியர்:

சகோதரி, அந்த மையத்துக்கு மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே போய்விட்டதா? போயிருந்தால் ஆய்வேடு காத்திருக்கட்டும், முதலில் அவர்களுக்கு எழுதுங்கள். அந்த நாலு கேள்வியை விலக்கி 36-க்குக் கணக்கிட்டுத் திருத்திய பட்டியல் கொடுக்கச் சொல்லுங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால் நான் இருக்கிறேன்.

வினாத்தாள்:

போய்விட்டது ஐயா. இன்று இரவே எழுதுகிறேன். வரைவை இங்கேயே போடுகிறேன், பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.